கற்காரைத் தோணி

கான்கிரீட்டைத் தமிழில் கற்காரை என்பர். வீட்டுக்குக் கூரையாகவும் ஆற்றுக்குப் பாலமாகவும் அமையும் அப்பொருளால் தோணி செய்யலாம் என்றால் கேட்பவர் நகைப்பர். ஆயினும் பிரான்சு நாட்டின் ழோசப் லூயி லாம்போ 1848ஆம் ஆண்டிலேயே கம்பி வலையின்மேல் சிமெண்டுக் காரை பூசிச் சிறு படகொன்றைச் செய்துவிட்டார். 1855இல் பாரிசுப் பொருட்காட்சியிலும் அது வைக்கப்பட்டது.

அதனை மாணவர் பந்தயமாக வளர்த்த நாடு அமெரிக்கா. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிளைட் கெஸ்லரிடம் பயின்ற மாணவர்கள் 1971இல் கற்காரைத் தோணி ஒன்றைக் கட்டினர். செய்தி அண்டை மாநிலமாகிய இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தை எட்டியது. அங்குள்ளோரும் சளைக்கவில்லை. அவ்வாண்டு மே 16 அன்று கிக்கபூ பூங்காவின் நீர்நிலையில் இரு அணிகளும் மோதின. 1988 முதல் அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் இதனைத் தேசியப் போட்டியாக நடத்தலாயிற்று. விஸ்கான்சின் மாடிசன் அணி 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து முறை வாகை சூடியது.

கற்காரை எவ்வாறு மிதக்கிறது? ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. அதே அளவு கற்காரையின் எடை ஏறத்தாழ 2400 கிலோ. கட்டியாகப் போட்டால் மூழ்கும். உட்குழிவாக வடித்தால், தன் எடைக்கு ஈடான நீரை ஒதுக்கி மிதக்கும். இரும்புக் கப்பல் மிதப்பதும் இவ்வாறே. இதில் மாணவர்க்குப் பெருந்துன்பம் இல்லை.

துன்பம் வேறோரிடத்தில் காத்திருக்கிறது. தோணி முழுவதும் நீரை நிரப்பி அமிழ்த்துவர். அது தானாக மேலெழ வேண்டும். நீர் நிறைந்தபின் குழிவு உதவாது. பொருளே இலேசாக இருத்தல் வேண்டும். ஆகவே கருங்கல் சல்லிக்கு மாறாக, உள்ளே வெற்றிடமுள்ள நுண்ணிய கண்ணாடி உருண்டைகளைக் கலப்பர். எடை குறையும், கூடவே வலிமையும் குறையும். எதை எவ்வளவு கலப்பது? சிறு உருளைகளாக வார்த்து, பொறியில் வைத்து நொறுக்கிப் பார்த்துப் பார்த்தே அறிவர். நொறுங்கிய உருளைகளின் குவியல்தான் அவர்களுக்குப் பாடநூல்.

வார்ப்பு நாளன்று அனைவரும் அச்சைச் சூழ்ந்து நிற்பர். கலவை இறுகுமுன் கையால் பரப்பி, இடையே வலையைப் பதித்து, மீண்டும் பரப்ப வேண்டும். சுவரின் தடிமன் ஒரு விரல் அளவே. பின்னர்ப் பல நாள் ஈரம் காத்தல். அதன்பின் முடிவில்லாத தேய்ப்பு வேலை. அச்சிலிருந்து தோணியைப் பிரிக்கும் வேளையில் எவரும் பேசுவதில்லை. மயிரிழை விரிசல் ஒன்று பல மாத உழைப்பைப் பாழாக்கிவிடும். அதில் தப்பினும், வண்டியில் ஏற்றிச் செல்லும் வழியில் உடைந்த தோணிகளும் உண்டு.

துடுப்பு வலிக்கும் வேகம் மட்டும் வெற்றியைத் தருவதில்லை. வடிவமைப்பு அறிக்கைக்கும், நடுவர்முன் அளிக்கும் விளக்கத்திற்கும், தோணியின் செய்நேர்த்திக்கும் மதிப்பெண் உண்டு. இது நல்ல விதி; தோள்வலிமை ஒன்றே போதுமாயின் அது வெறும் படகுப் போட்டியாகிவிடும்.

பந்தயம் முடிந்ததும் மூத்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் பிரிவர். பழைய தோணி அடுத்த ஆண்டுப் போட்டிக்கு உதவாது, புதிதாகவே கட்டவேண்டும். இளையோர் கையில் எஞ்சுவது கலவைக் கணக்கு எழுதிய குறிப்பேடு. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதல் உருளையை வார்க்கத் தொடங்குகின்றனர்.