ஆமா சாமி

எங்க அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: ஊர்க்காரங்க யாரு, எது கேட்டாலும் "ஆமா சாமி"ன்னு சொல்லிட்டு வந்துடணும், அடி விழாது. நான் எம்.ஏ. படிச்சு, அமைப்பு, போராட்டம்னு அலைஞ்சு அந்தப் பாடத்தை மறந்துட்டேன். தம்பி மறக்கல. இரண்டு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து பிழைச்சவன் அவன். பேச்சு வரும். கணக்கு, நாள், கிழமை பிடிபடாது. ஊர்க் கிணத்துல மோட்டாரைக் காணோம்னு ஒருநாள் அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனாங்க.

"நீதான எடுத்த?"

"ஆமா சாமி."

"ராத்திரியா, பகலா?"

"ஆமா சாமி."

மோட்டார் காயில் கட்டுற கடையில் இருந்தது மறுநாள்தான் தெரிஞ்சது. முதுகுல விழுந்த அடி விழுந்ததுதான்.

இந்த "ஆமா சாமி" எங்க தெருவோட போச்சுன்னுதான் நினைச்சிருந்தேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களைப் பற்றிப் படிக்கப் போனபோது அங்கேயும் அது கிடைத்தது. 1976இல் அங்கே வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றத்தில், அனுங்கா வழக்கில், நீதிபதி ஃபார்ஸ்டர் போலீசுக்குச் சில விதிகளை வகுத்தார். பூர்வகுடிகள் பலர், கேட்கிறவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறாரோ அதையே சொல்லிவிடுகிறார்கள். அதனால் பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது. மொழிபெயர்ப்பாளரும் கைதானவர் நம்பும் ஒருவரும் கூட இருக்க வேண்டும் என்றார். தெளிந்த புத்தியுள்ளவர்களுக்கே இந்த நிலைமை. அறிவுசார் குறைபாடும் சேர்ந்தால் என்ன ஆகும்?

மார்லன் நோபிளுக்கு ஆனது ஆகும். மேற்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடியான அவருக்கும் குழந்தையில் மூளைக்காய்ச்சல். 2001இல் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வந்தது. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று 2003இல் நீதிமன்றம் சொன்னது. அதோடு விட்டார்களா? குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. ஆனால் 1996ஆம் வருஷச் சட்டப்படி, முடிவுத் தேதி இல்லாத காவலில் சிறைக்குள்ளேயே வைத்தார்கள். 2012 ஜனவரியில், ஏகப்பட்ட நிபந்தனைகளோடு வெளியே விட்டபோது பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது. குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் தண்டனைக்கு ஒரு கடைசித் தேதியாவது இருந்திருக்கும். அவருடைய உரிமைகளை ஆஸ்திரேலியா மீறிவிட்டது என்று ஐ.நா.வின் மாற்றுத்திறனாளி உரிமைக் குழு 2016இல் சொன்னது. அந்தச் சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் நிறைவேற 2023 ஆயிற்று.

இதை ஒரு தனிமனிதனின் தலைவிதி என்று ஒதுக்க முடியாது. நெருக்கியடிக்கும் வீடுகள், கழுவ நல்ல தண்ணீர் இல்லாமை, தூரத்து ஆஸ்பத்திரி. பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காதில் சீழ் வடிகிறது, செவி மந்தமாகிறது. வகுப்பில் டீச்சர் சொல்வது கேட்காத பிள்ளைக்கு 'மண்டு', 'அடங்காதவன்' என்று பெயர். பெர்த் நகரின் பேங்க்சியா ஹில் சிறார் சிறையில் 99 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. முக்கால்வாசிப்பேர் பூர்வகுடிகள். 89 சதவீதம் பேருக்கு மூளையின் ஏதோ ஒரு செயல்பாட்டிலாவது கடுமையான பாதிப்பு. கருவிலிருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் 36 பேர். அதில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். மற்ற 34 பேரையும் பள்ளிக்கூடம் பார்த்தது, போலீஸ் பார்த்தது, கோர்ட் பார்த்தது. அவர்களுக்கு என்ன கோளாறு என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மது என்றதும் தாய்மார்களைத் திட்டுவதற்கு ஆள் வரிசையில் நிற்கும். நிலத்தைப் பிடுங்கியவர்களையும், தாய் மடியிலிருந்து பிள்ளைகளைப் பறித்தவர்களையும் அந்த வரிசை கேட்பதில்லை. கிம்பர்லி பகுதியின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற பூர்வகுடிப் பெண்களே முன்னுக்கு வந்து, கடுமையான மதுவைக் கடையில் வாங்கி வெளியே கொண்டுபோவதை 2007இல் நிறுத்த வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளைப் பரிசோதியுங்கள் என்று கேட்டு, ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஆய்வையும் நடத்தினார்கள். 'லிலில்வான்' என்று அதற்குப் பெயர். 'எல்லாச் சின்னப் பிள்ளைகளும்' என்று அர்த்தம். குறையை மறைக்கவுமில்லை, குறையுள்ள பிள்ளையை ஒதுக்கவுமில்லை.

பூர்வகுடி மாற்றுத்திறனாளிகளே நடத்தும் ஓர் அமைப்பு உண்டு. 'ஊனம்' என்பதற்கு நேரான வார்த்தை தங்கள் மொழிகளில் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். எங்க தெருவிலும் தம்பியை 'அவன் அப்படித்தான்'னு சொல்லிச் சோறு போட்டார்கள். அந்த அன்பு பெரிசுதான். ஆனால் 'அப்படித்தான்'னு விட்டதாலேயே அவனை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை, ஒரு சான்றிதழ் வாங்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவர்கள் நாட்டையே பறிகொடுத்தவர்கள். ஆனால் ஒரு கேள்வியை அவர்களிடமிருந்து கடன் வாங்கலாம். நம்ம பையன் ஒருத்தனைப் பிடித்து உள்ளே வைத்தால், வக்கீலைத் தேடி ஓடுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அதோடு இதையும் கேட்போம்: இவனுக்குக் காது கேட்குதா? கேட்பது புரியுதா? இதுக்கு முன்னாடி இவனை எந்த டாக்டராவது பார்த்திருக்காரா?

தம்பிக்கு இப்போ முப்பது வயசு. தப்பு செய்யலன்னா "இல்ல"ன்னு சொல்லணும்னு சொல்லிக்கொடுத்துக்கிட்டிருக்கேன். நேத்தும் கேட்டேன், "புரிஞ்சுதாடா?"

"ஆமாக்கா"ங்கிறான்.