ஆட்டம் பிறக்கும் இடம்

திங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியுமுன்பே போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிவிடுகின்றன. ஏறாத ஒன்று பட்டறை வாசலில் நிற்கிறது. மகிந்திரா தயாரித்த பழைய சிஜே 3பி. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த மாடல். அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பிறகும் இந்தியாவில் தொடர்ந்து உருவான வண்டி.

டிரைவர் சொல்லும் குறை மூன்று. ஸ்டீரிங்கை உள்ளங்கை அகலத்துக்குத் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை. 40 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்குகின்றன. வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகின்றன. 60-ஐ நெருங்கினால் வேறொரு அதிர்வு. "அது ஸ்டீரிங்ல வரலண்ணே, காலுக்கடியில தரையே உறுமுது."

மேஸ்திரி அந்தக் கடைசிப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏழெட்டுச் சுற்று. ஆக்ஸில் விகிதம் 5.38 என்பதால் புரொபெல்லர் ஷாஃப்ட் அதே நொடியில் 40 முறை சுழலும். சக்கரத்தின் உதறலைக் கண்ணால் பார்க்கலாம். ஷாஃப்ட்டின் அதிர்வு உறுமலாகத்தான் வரும். ஆக, உதறலுக்கும் உறுமலுக்கும் ஒரே மருந்து கிடையாது.

செவ்வாய்

ஜாக்கி போடவில்லை. சக்கரங்கள் தரையில், இன்ஜின் அணைந்திருக்கிறது. பட்டறைப் பையன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, மேஸ்திரி அடியில் படுத்திருக்கிறார். "ஆட்டு தம்பி... நிறுத்து... மறுபடி ஆட்டு." பாக்ஸிலிருந்து பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், பெல் கிராங்க், இரண்டு டை ராடுகள் என ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் போகிறார். ஒரு பாகம் அசைந்தும் அடுத்தது சும்மா இருந்தால் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.

பெல் கிராங்கில் விரல் நின்றுவிடுகிறது. திரும்புவதற்கு முன் அது மேலும் கீழும் தலையசைக்கிறது. உள்ளே ஊசி பேரிங் தேய்ந்து, பெல் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒருபக்கம் பள்ளமாகியிருக்கிறது. கிரீஸ் நிப்பிளில் மண் அடைத்துக் காய்ந்து கிடக்கிறது.

இதற்குமுன் வேறொரு பட்டறையில் ஸ்டீரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மலை வண்டிக்கு இதைவிட ஆபத்தான வைத்தியம் இல்லை. பாக்ஸ் நேர் நிலையில்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்காக இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. டிராக் லிங்க்கைக் கழற்றி, நேர் நிலையில் வைத்து, கடைசியாகத் தொட வேண்டிய ஸ்க்ரூ அது. மேஸ்திரி முதலில் அதைத் தளர்த்துகிறார்.

புதன்

இன்று ஜாக்கி. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்தால் 'கடக்' என்கிறது. பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார். சத்தம் நின்றிருந்தால் வீல் பேரிங். நிற்கவில்லை, கிங் பின்தான். பிரேக் பிடித்தால் டிரம்மும் நக்கிளும் ஒன்றாகிவிடும், பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வீல் பேரிங் மாற்றிய வண்டிகள் ஏராளம்.

கிங் பின் மூடியைக் கழற்றினால் காகிதம்போல் மெல்லிய ஷிம்கள். மேலும் கீழும் சமமாக எடுத்தால் இறுக்கம் வரும். ஆனால் பேரிங் கப்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுகிறார். உருளைகள் பதிந்த கோடுகள் வரிசையாக இருக்கின்றன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டுகிறது. கிங் பின் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதில்லை, ஒரே இடத்தில் முன்பின் அசைந்தே அடிவாங்குகிறது. இப்படிப் பள்ளம் விழுந்தபின் ஷிம்மை எடுத்துப் பயனில்லை. கப்பும் கோனும் புதிது.

வியாழன்

உறுமலுக்கு முறை. முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கர ஓட்டத்தில் தேனி சாலையில் ஒரு சுற்று. 60-இல் சத்தமே இல்லை. கழற்றிய ஷாஃப்ட்டைப் பார்த்தால் காரணம் எளிது: இரண்டு முனைகளின் யோக்குகளும் ஒரே நேரில் இல்லை. எப்போதோ பிரித்து, ஸ்ப்ளைனில் பல் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். துருவைச் சுரண்டியதும் இரண்டு அம்புக்குறிகள் தெரிகின்றன. அவற்றை எதிரெதிரே வைத்துப் பூட்டியதோடு அந்த வேலை முடிந்தது. யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ் இரண்டும் நல்ல நிலையிலேயே இருந்தன.

வெள்ளி

பாகங்கள் வந்து பூட்டியாயிற்று. டயர்களை முன்பின் மாற்றிப் பார்த்ததில் குறையில்லை. பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள், யூ போல்ட் எல்லாம் இறுக்கம். மீதி அளவுகள்: காஸ்டர் 3 டிகிரி, கேம்பர் ஒன்றரை, டோ-இன் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். டோ-இன் கூடினால் டயர் ஓரம் தின்னும். காஸ்டர் குறைந்தால் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

போடிமெட்டுக்கு ஏறி இறங்கிய டிரைவர், ஸ்டீரிங் வளைவுக்குப் பின் தானே திரும்புகிறது என்கிறார். அகல டயரும் ஸ்டீரிங் டேம்பரும் போடலாமா என்று உரிமையாளர் கேட்கிறார். அகல டயர் பெல் கிராங்கின் சுமையைக் கூட்டும் என்று மேஸ்திரி மறுக்கிறார். டேம்பர் இருந்தால் தேய்மானம் தெரியாமல் போகும். ஒரு மாதம் ஓடட்டும், மறுபடி அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். கிரீஸ் கன் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.