மாவு பூக்கும் முன்னே

சித்தூர் மாவட்டத்தில் பலமனேரிலிருந்து குப்பம் போகும் சாலையோரம், மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய பட்டுப்புழுக் கொட்டகை. அடுக்கடுக்கான ரேக்குகளில் தண்டோடு பரப்பிய மல்பெரிக் கிளைகள். நாலாவது ஜுரம் முடித்த, அதாவது நான்காம் முறை தோலுரித்த புழுக்கள் தழையை மொய்த்துக்கொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்த அக்கா, இத்தனை ஆயிரம் புழுக்களுக்கு நடுவே மேயாத ஒன்றைத் தேடி இடுக்கியால் எடுத்துக் காட்டினார்.

"தொடாதீங்கண்ணா. பார்த்துக்குங்க."

செத்த புழு. சாக்பீஸ் துண்டு போல விறைத்திருந்தது. உடலோர மூச்சுத் துளைகளைச் சுற்றியும் வளையங்களுக்கு இடையிலும் மட்டும் மெல்லிய வெள்ளைப் பூப்பு. "நாளைக்கு உடம்பு முழுக்க மாவு பூத்துடும். அதுக்கப்புறம் எடுத்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

இதுதான் சுண்ணக்கட்டி நோய். பவேரியா பாசியானா என்ற பூஞ்சையின் வேலை. காற்றில் வரும் வித்து புழுவின் தோலில் ஒட்டும். ஈரம் கிடைத்தால் முளைவிடும். புழு தின்றுதான் நோய் வர வேண்டும் என்பதில்லை. முளை தன் நொதிகளால் தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போய், இரத்தத்தில் பெருகும். சில நாளில் புழு சாகும். முதலில் துவண்டு கிடக்கும் உடல் பிறகு இறுகும். உள்ளே தின்ன ஒன்றும் மிச்சமில்லாதபோது பூஞ்சை தோலைக் கிழித்து வெளியே வந்து புது வித்துகளைத் தூவும். அந்த மாவுதான் அடுத்த தலைமுறை.

இமயமலையில் பிதோராகட், சமோலிப் பக்கம் பனி உருகியதும் மலைமக்கள் தேடிப் போகும் கீடா ஜடி இதற்குத் தூரத்துச் சொந்தம். அங்கே மண்ணுக்குள் வேர் தின்று வாழும் அந்துப்பூச்சிப் புழுவைப் பூஞ்சை கொன்று, தலையிலிருந்து பழுப்புக் காம்பாக மேலே முளைக்கிறது. மருந்து என்று கிலோ பல லட்ச ரூபாய்க்குப் போகிறது. சித்தூரில் விறைத்துப் போகும் இந்தப் பட்டுப்புழுவையும் சீன வைத்தியம் மருந்துச் சரக்காகவே வைத்திருக்கிறது. ஆனால் கடன் வாங்கி முட்டை வாங்கிய குடும்பத்துக்கு இது மருந்தல்ல, பறிபோன கூடு.

1835-இல் இத்தாலியின் அகொஸ்தினோ பாசி, இந்த நோய் ஒரு நுண்ணுயிரால் தொற்றுகிறது என்று நிரூபித்தார். லூயி பாஸ்டருக்கும் முந்திய கண்டுபிடிப்பு. பூஞ்சையின் பெயரில் இருப்பவர் அவர்தான். திருப்பதி ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் பட்டுவளர்ப்பு படித்த ஒரு பெண், நுண்ணோக்கியில் அந்த வித்துகளை எனக்குக் காட்டினார். இரண்டு மூன்று மைக்ரான் அளவில் உருண்டை உருண்டையாக, எண்ணி மாளாத கூட்டம்.

அதைப் பார்த்த பிறகுதான் கொட்டகை வேலையின் அருமை எனக்கு உறைத்தது. விறைத்தும் வெளுக்காமலும் இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் புழுவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைத்த பேசினில் போட்டு, பிறகு எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். மழை நாளில் படுக்கை மேல் சுண்ணாம்புத்தூள். ஒவ்வொரு ஜுரம் முடிந்ததும் தழை போடும் முன் கிருமிநாசினித் தூள். மங்கலான வெளிச்சத்தில் குனிந்து குனிந்து இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூடு நன்றாக வந்தால் முட்டையையும் தழையையும் புகழ்கிறோம். இந்தக் கண்களுக்குத் தனிக் கூலி கிடையாது. இருக்க வேண்டும் என்பேன்.

வேலிக்கு அப்பால் தக்காளித் தோட்டம். இதே பவேரியா, வெள்ளை ஈக்கும் காய்ப்புழுவுக்கும் உயிர்ப் பூச்சிக்கொல்லியாகப் பாக்கெட்டில் விற்கிறது. ரசாயனத்தைக் குறைக்க நினைக்கும் விவசாயிக்கு நல்ல பொருள்தான். மல்பெரிக்குப் பக்கத்தில் மட்டும் அடிக்கவே கூடாது. தழையில் படிந்தால் நேரே கொட்டகைக்குள் வந்துவிடும். கடையில் விற்பவர்கள், வாங்குபவரின் பக்கத்து நிலத்தில் என்ன பயிர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இங்கே தக்காளித் தோட்டக்காரரிடம் அந்தப் பேச்சை அக்காவே பேசியிருக்கிறார்.

"அவர் எங்களுக்கு மாமன் முறை. விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பக்கத்துக்கு வேப்பெண்ணெயே அடிக்கிறேன்னுட்டார்."