கிழவியும் ஜாகுவாரும்

1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் பானட்டைத் திறக்க, முதல் ஐந்நூறு வண்டிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சாவி வேண்டும். ‘டி’ வடிவத்தில் இருக்கும். வண்டியை விட்டு இறங்கி இந்தப் பக்கம் ஒரு பூட்டு, சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஒரு பூட்டு. சாவி தொலைந்தால் ரேடியேட்டருக்குத் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. இது சரிப்படாது என்று அந்த வருஷமே பூட்டைக் காருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

தரையும் அப்படித்தான். ஆரம்ப வண்டிகளில் காலடித் தகடு தட்டை. உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு அவஸ்தைப்பட்டார்கள். 1962 தொடக்கத்தில் குதிகாலுக்குப் பள்ளம் வைத்தார்கள். இன்றைக்கு இந்த இரண்டு கோளாறும் இருக்கிற வண்டிக்குத்தான் மவுசு. கோளாறு நீங்கிய வண்டிக்காரர் இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் ஊரான ஓரிக்கையில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்துகொண்டு ஜாகுவார் கவலை எதற்கு என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. நான் ஓட்டியதிலேயே வேகமான வண்டி ஒரு மொபெட். ஆனால் பழசைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்: அதை எந்த நாளைக்குத் திருப்பிக்கொண்டுபோகிறார்கள்?

நம் பக்கத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இந்தக் குழப்பம் குறைவு. 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கம் செய்தார்கள். அதற்கும் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். மெக்கானிக் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஒன்றுவிட்ட தம்பி சீமையில் மைனராகத் திரிய, அண்ணன் இங்கே டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்தான். சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அவனும் கொஞ்சம் ஓடிப்பார்த்தது உண்டு. உடம்பைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பதால் கழற்றி மாட்டுவது சுலபம்.

ஈ-டைப் வெல்டிங்கில் ஒன்றாகிப்போன உடம்பு. வெளியே பளபளப்பாக இருக்கும். கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் தகரம் அப்பளமாக நொறுங்கும். டிங்கரிங் ஆரம்பித்தால் எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு முடிவே கிடையாது.

கையால் செய்த ஆரம்ப வண்டிகளில் ஒன்றின் எண் 9600 எச்பி. 1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் பத்திரிகைக்காரர்களுக்கு அறிமுகம்; பாப் பெர்ரி என்பவர் இங்கிலாந்திலிருந்து இரவெல்லாம் அதை விரட்டிக்கொண்டுபோய்க் கடைசி நிமிஷத்தில் சேர்த்தார். ‘ஆட்டோகார்’ பத்திரிகை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிப் பார்த்து எழுதியதும் அதே வண்டியைத்தான். பிறகு கைமாறி, நொந்து, 1977-ல் பிலிப் போர்ட்டர் என்ற எழுத்தாளரிடம் வந்தது. அவர் அதைச் சீராக்கி முடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சோம்பல் என்பார்கள். நான் மரியாதை என்பேன்.

ஒரே இரவில் பேர் வாங்கியது என்று பார்த்தால் எங்கள் ஊரும் அப்படித்தான். திருமழிசையாழ்வார் திருவெஃகாவில் இருந்தபோது ஒரு கிழவி தினமும் அவர் இடத்தைப் பெருக்கித் துடைத்து வந்தாள். மனம் குளிர்ந்த ஆழ்வார் அவளைக் குமரியாக்கினார். அவள் அழகைக் கண்ட பல்லவ ராஜா அவளையே கல்யாணம் செய்துகொண்டான். வருஷங்கள் போயின, ராஜாவுக்கு நரைத்தது, ராணிக்கு நரைக்கவில்லை. அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைக் கூப்பிட்டு, உன் குருவை வரச் சொல், இல்லாவிட்டால் நீ என்னைப் பாடு என்றான். மனிதரைப் பாட மாட்டேன் என்றான் கணிகண்ணன். ஊரைவிட்டுப் போ என்று உத்தரவு. சீடன் கிளம்ப, ஆழ்வார் கிளம்ப, ஆழ்வார் சொன்னார் என்று பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டார். மூவரும் அன்று ஓர் இரவு இருந்தது இங்கே, ஓரிக்கையில்.

கதை சொல்கிறவர்கள் எல்லோரும் பெருமாள் பின்னால் போய்விடுகிறார்கள். எனக்குக் கிழவியை விட மனசில்லை. இளமை வேண்டும் என்று அவள் கேட்டதாகத் தெரியவில்லை, அவள்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளோடு கூடக் கிழவியான தோழிகள் தெருவில் எதிர்ப்பட்டால் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள், ‘அடியே’ என்றா, ‘மகாராணி’ என்றா? மழை வருவதற்கு முன்னால் முழங்கால் வலித்துச் சேதி சொல்லுமே, அது நின்றுபோனதில் அவளுக்கு ஒரு வெறுமைகூடவா இல்லை? ராஜாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பழைய காரைப் பட்டி பார்த்து, தொழிற்சாலையே கண்டிராத பளபளப்பில் பெயின்ட் அடித்து நிறுத்துகிற பணக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பல்லவன் ஞாபகம்தான். நம் சர்க்காருக்கே இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு: ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் தரும் 2021-ம் வருஷ விதி, சேஸிஸையோ உடம்பையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது.

அந்தப் பல்லவப் பளபளப்புக்கு நேர் எதிராக ஒரு வண்டி. ரேஸுக்கென்று அலுமினிய உடம்போடு 12 ஈ-டைப்கள் மட்டும் செய்தார்கள். அதில் ஒன்றை ஓட்டிய ஜெர்மானியர் பீட்டர் லிண்ட்னர் 1964 அக்டோபரில், பாரிஸ் அருகே மோன்லெரி பந்தயத்தில் மோதி இறந்தார். மோதப்பட்ட காரின் ஓட்டுநரும் களப் பணியாளர் மூவரும் அவரோடு போனார்கள். பின்னால் பிழைத்த பாகங்களுக்குப் புது உடம்பு செய்து மாட்டினார்கள். ஆனால் நசுங்கிய கூட்டை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். ரொம்ப வருஷம் கழித்து இங்கிலாந்துப் பட்டறை ஒன்று அந்தக் கூட்டையே தகடு தகடாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் தட்டி நிமிர்த்தி, மறுபடி காராக்கியது. புதுத் தகடு வெட்டியிருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

ராஜா ஓடிவந்து காலில் விழுந்ததும் மூவரும் திருவெஃகாவுக்குத் திரும்பினார்கள். பெருமாள் படுக்கையை விரித்துப் படுத்தார். ஆனால் வழக்கத்துக்கு மாறாக, வலம் இடம் மாறி. போய்வந்ததற்கு அடையாளமாம். யாரும் திருத்திப் படுக்கச் சொல்லவில்லை. பழைய கார்களுக்கு அழகுப் போட்டி நடத்தி மதிப்பெண் போடுகிற நடுவர் யாராவது அந்தச் சந்நிதிக்குள் வந்தால், முதல் வேலையாகப் பத்து மதிப்பெண் குறைப்பார்.