ஆளில்லாத கல்லறைக்கு ஒரு டாக்சி

"கொச்சியில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறதாமே, பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்" என்று ஆசிரியர் உத்தரவிட்டார். "கொச்சிக்கா? நானும் வருகிறேன்" என்று வீட்டில் உத்தரவு பிறந்தது. இரண்டில் எதையும் மீறுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு காலை வேளையில், எர்ணாகுளம் ஜங்ஷன் வாசலில், கொட்டுகிற மழையில், நானும் என் மனைவியும் ஒரு குடையும் ஒரு டிபன் கேரியருமாக நின்றோம்.

டாக்சி ஒன்று வந்தது. ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஃபோர்ட் கொச்சி என்றேன். அவர் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், பேசாமல் போட் ஜெட்டியில் இறக்கிவிடட்டுமா? இதோ பக்கம்தான். போட்டில் இருபதே நிமிஷம். இன்று ரோட்டில் வெள்ளம்" என்றார், பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும்.

வருகிற சவாரியை வேண்டாம் என்கிற டாக்சிக்காரரை நான் அதுவரை சந்தித்ததில்லை. 'இந்த மழையில் அவ்வளவு தூரம் போக அலுப்புப் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். செல்போனை எடுத்து மேப்பைப் பார்த்தேன். தேவரை, வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று நீலக்கோடு அழகாக ஓடியது. முப்பத்தைந்து நிமிஷமாம்.

"அவர் இந்த ஊர்க்காரர். சொன்னால் கேளுங்களேன்" என்றாள் என் மனைவி.

"செல்போன் பொய் சொல்லாது" என்றேன் நான்.

செல்போன் பொய் சொல்லவில்லை. அதற்கு மழை பெய்வது தெரியாது, அவ்வளவுதான். இரண்டு கிலோ மீட்டர் போவதற்குள் சாலை எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. தண்ணீர் கதவின் அடிவரை ஏறியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "நான் அப்பொழுதே சொன்னேனே" என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நானும் பாண்ட்டைச் சுருட்டிவிட்டு இறங்கித் தள்ளினேன். என் மனைவி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, ராணி மாதிரி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஓரமாக வண்டியை நிறுத்தி, மெக்கானிக் வருவதற்காகக் காத்திருந்தோம். மௌனத்தைக் கலைக்க நான்தான் ஆரம்பித்தேன்.

"இதே மலையாளக் கரையில், இதே மாதிரி மழையில், வாஸ்கோ ட காமாவும் நடுத்தெருவில் திண்டாடியிருக்கிறார், தெரியுமா?"

பதில் இல்லை. ஆனால் முகம் சற்றுத் திரும்பியது. அது போதும்.

1498-ஆம் வருஷம் மே மாதக் கடைசி. கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரைப் பார்க்கக் காமா பதின்மூன்று பேருடன் கரையில் இறங்கினார். அந்தக் காலத்து டாக்சியான பல்லக்கு வந்தது. காமா மட்டும் பல்லக்கில், மற்றவர்கள் நடை. நடுவே ஓர் ஆறு. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி அக்கரை சேர்த்தார்கள். வழியெல்லாம் ஜனக்கூட்டம். வீட்டுக்குள் இருந்த பெண்கள்கூடக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வேடிக்கை பார்த்தபடி பின்னாலேயே நடந்தார்கள் என்று கூட வந்த ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அரண்மனைப் பேட்டி முடியும்போது இருட்டி வெகுநேரமாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது, தெருவெல்லாம் ஆறாக ஓடியது. ஆறு பேர் காமாவைச் சுமந்துகொண்டு போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். தங்குமிடம் வந்த பாடில்லை. காமாவுக்குப் பொறுமை போய்விட்டது. கூட வந்த அரசாங்க அதிகாரியிடம் புகார் சொன்னார். அவர் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், பிறகு ஏறிப் போகச் சொல்லி ஒரு குதிரையைக் கொண்டுவரச் செய்தார். குதிரைக்குச் சேணம் இல்லை. காமா ஏற மறுத்துவிட்டார்.

"சேணம் இல்லாவிட்டால் என்னவாம்? அவர் மட்டும் காரில் தள்ளு வண்டி போகவில்லையா!" என்றாள் என் மனைவி. டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கும் உயிர் வந்தது.

மன்னருக்குக் காமா கொண்டுபோக இருந்த சீர்வரிசையையும் சொன்னேன். கோடு போட்ட துணி பன்னிரண்டு, சிவப்புத் தலைமூடி நான்கு, தொப்பி ஆறு, பவழ மாலை நான்கு, முகம் கழுவும் பாத்திரம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். சாமூதிரியின் ஆட்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். மெக்காவிலிருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட நன்றாகக் கொடுப்பான் என்றார்களாம்.

"மிளகும் ஏலக்காயும் விளைகிற ஊருக்கு முகம் கழுவும் பாத்திரமா? சம்பந்தி வீட்டில் சும்மா விடுவார்களா!" என்றாள் அவள். மெக்கானிக் வந்து எஞ்சினைத் துடைத்துக் கிளப்பும் வரை எங்கள் வீட்டுக் கல்யாணச் சீர் ஒன்றைப் பற்றிய பழைய வழக்கு நடந்தது. அது இங்கே வேண்டாம்.

முப்பத்தைந்து நிமிஷப் பயணம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. டிரைவர் பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. "போட்டில் வந்திருந்தால் ஒரு சாயா விலைகூட ஆகியிருக்காது சார்" என்று மட்டும் சொன்னார்.

செயிண்ட் பிரான்சிஸ் சர்ச் பார்வைக்குச் சாதுவான கட்டிடம். 1503-இல் போர்த்துக்கீசியர் முதலில் மரத்தில் கட்டினார்கள். 1516-க்குள் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிவிட்டார்கள். 1663-இல் டச்சுக்காரர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. உள்ளே உத்தரத்திலிருந்து நீளமான துணி விசிறிகள் தொங்குகின்றன. முன்பெல்லாம் வெளியே உட்கார்ந்து ஓர் ஆள் கயிற்றை இழுக்க, உள்ளே துரைமார்களுக்குக் காற்று வரும். பழைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் போர்த்துக்கீசியர், எதிர்ப்பக்கம் டச்சுக்காரர். உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் துரத்தியவர்கள், இப்போது முகத்துக்கு முகம்.

தெற்குப் பக்கமாகத் தரையில், சுற்றிலும் கம்பி போட்ட ஒரு கல். அதுதான்.

1524 செப்டம்பரில் ராஜப் பிரதிநிதியாகக் காமா மூன்றாம் முறை இந்தியா வந்தார். அந்த டிசம்பர் 24-ஆம் தேதி கொச்சியில் காலமானார். இங்கே புதைத்தார்கள். 1539-இல் தோண்டியெடுத்துப் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அப்படியானால் உள்ளே ஆளே இல்லையா?"

"இல்லை."

"ஆளில்லாத கல்லறைக்கா இவ்வளவு தண்ணீரில் வந்தோம்!"

அவளுக்குச் சமாதானமாக, காமா திரும்பிப் போன கதையைச் சொன்னேன். ஏனென்றால் வந்த பெருமையை எல்லாரும் எழுதுகிறார்கள். திரும்பின பாட்டை யாரும் அதிகம் சொல்வதில்லை.

1497 ஜூலை 8-ஆம் தேதி லிஸ்பனில் நான்கு கப்பல்கள், ஏறத்தாழ 170 பேர். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் மாலிந்தி வந்ததும், அந்த ஊர் சுல்தான் கடல்வழி தெரிந்த மாலுமி ஒருவரைத் துணைக்கு அனுப்பினார். ஏப்ரல் 24-இல் கிளம்பினார்கள். தென்மேற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இருபத்து மூன்று நாள் கரையே தெரியாத கடல். பிறகு மலையாள மலைகள்.

போகும்போதோ கதை வேறு. சாமூதிரியுடன் மனஸ்தாபம், ஆகஸ்டு மாதமே கிளம்பிவிட்டார்கள். கோவாவுக்குத் தெற்கே அஞ்சதீவில் சில நாள் தங்கி, அக்டோபர் 5-ஆம் தேதி நடுக்கடலுக்குப் போனார்கள். தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது. வடகிழக்குக் காற்று இன்னும் எழவில்லை. இந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்த அராபியரும் குஜராத்திகளும் அந்த மாதத்தில் பாய் விரிக்கமாட்டார்கள். இருபத்து மூன்று நாளில் கடந்த கடலைத் திரும்பக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆயிற்று. காய் இல்லை, பழம் இல்லை. ஈறு வீங்கிப் பல்லை மூடியது, கால் வீங்கியது. முப்பது பேர் அந்தக் கடலிலேயே போனார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் மிஞ்சினார்கள். 1499 ஜனவரியில் மாலிந்தியைப் பிடித்ததும் முதலில் கேட்டது ஆரஞ்சுப் பழம். அந்த நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் மருந்து என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் பரிசோதித்துக் காட்டியது 1747-இல்தான்.

ஆள் போதாமல் ஒரு கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள். அந்தக் கப்பலின் தலைவர் காமாவின் அண்ணன் பாவ்லோ. அவருக்கும் உடம்பு கெட்டது. ஊர் நெருங்குகிற சமயம். இந்தியாவுக்கு வழி கண்ட செய்தியை ராஜாவிடம் முதலில் சொல்லும் பெருமை காத்திருக்கிறது. காமா அதைப் பொருட்படுத்தவில்லை. செய்தியை இன்னொருவர் கொண்டுபோனார். காமா அண்ணனோடு அசோர்ஸ் தீவுக்குத் திரும்பினார். பாவ்லோ அங்கே இறந்தார். அடக்கம் செய்துவிட்டுத்தான் தம்பி ஊர் போய்ச் சேர்ந்தார். 170 பேரில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை.

என் மனைவி அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்ல தம்பி" என்றாள்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு அவளிடம் நல்ல பெயர் வாங்கித்தர எனக்கு மனம் வரவில்லை. 1502-இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்கா யாத்திரை முடிந்து திரும்பிய 'மீரி' என்ற கப்பலைக் காமா இந்தக் கரைக்கு அப்பால் மறித்தார். பொருள்களைப் பிடுங்கிக்கொண்டு, ஆட்களை உள்ளே வைத்துத் தீ மூட்டச் சொன்னார். பெண்கள் நகைகளைக் காட்டினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். காமா பார்த்துக்கொண்டிருந்தார். சில குழந்தைகளைத் தவிர, நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இதை எழுதி வைத்தவரும் அவர் படையோடு வந்த போர்த்துக்கீசியரே.

"நாலு வருஷத்துக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவனைப் பார்க்க வந்தார்களே, அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்களா?"

"அந்தப் பக்கத்து ஜனங்களும் இருந்திருப்பார்கள்."

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. 'இவர்' 'இவன்' ஆனதை நான் கவனித்தேன், திருத்தவில்லை.

திரும்பும்போது என்னைக் கேட்காமலே படகுத்துறைக்கு நடந்தாள். மழை விட்டிருந்தது. சீன வலைகளை மூங்கிலும் கயிறுமாகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். படகில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. டிபன் கேரியரைத் திறந்தாள். தயிர் சாதம்; மேல் தட்டில் உப்பு நாரத்தங்காய்.

எனக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு, கையில் இன்னொரு துண்டுடன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், பல் வீங்கிச் செத்தார்களே அந்தப் பிள்ளைகள், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருப்பேன்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அண்ணனுக்கும் கொடுத்திருப்பேன்."

"தம்பிக்கு?"

கேரியரை மூடிவிட்டாள்.