மாடனுக்குப் படைத்த இலை

என் ஆச்சிக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் இலையை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே, அது பதமாக இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று சொல்லத் தெரியும். புகையிலை இலை! நாஞ்சில் நாட்டிலே, தோவாளைக்கு வடக்கே, எங்கள் வீட்டுக் கொல்லையில் முப்பது நாற்பது செடிகள் நின்றன. கடைச் சரக்கை அவள் வாயில் வைக்கமாட்டாள். "கடைப் போயிலை வைக்கோலு மாதிரி இருக்கும் மக்களே" என்பாள்.

அவள் பாடம் போடும் முறையைப் பலமுறை கண்டிருக்கிறேன். செடி பூக்குமுன் நுனியைக் கிள்ளுவாள்; பக்கத்தில் வெடிக்கும் சிம்பை ஒடிப்பாள்; இலை தடித்து மஞ்சள் புள்ளி விழுந்ததும் அறுப்பாள். சில நாள் வெயிலில் வாடவிட்டு, பிறகு அடுக்களைப் பரணில் அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவாள். அதற்குப் பிறகே உண்மையான வேலை. கருப்பட்டிப் பாகும் உப்பு நீரும் தெளித்து, காம்பு வெளியே நுனி உள்ளே என வட்டமாக அடுக்கி, ஓலைப்பாயைப் போர்த்தி, மேலே பழைய அம்மிக் கல்லை ஏற்றிவிடுவாள். சில நாளில் அந்த அடுக்குக்குள் கையை விட்டால் சுடும்! நெருப்பில்லை, வெயிலில்லை, ஆனால் சுடும்! மூக்கைத் துளைக்கும் நெடி வேறு. உடனே அடுக்கைப் பிரித்து, உள்ளிருந்த இலை வெளியிலும் வெளியிருந்த இலை உள்ளுமாக மாற்றி அடுக்குவாள். இப்படி ஒரு மாதம்; சில ஆண்டுகளில் இரண்டு மாதம். இலை கருந்தேன் நிறத்துக்கு வந்து, நெடி அடங்கி, பழவாசம் எழுந்த பிறகே பாயை எடுப்பாள். வெப்பமானி இல்லை, அளவுகோல் இல்லை. கையே கருவி, மூக்கே ஆய்வுக்கூடம். அந்தத் திறமையை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் அந்தச் சூட்டுக்கு அவள் சொன்ன காரணம்? "மாடன் மூச்சு விடுகான்!"

ஆம், தோழர்களே! முதல் சிப்பம் சுடலைமாடனுக்கு. கொடை நாளில் எங்கள் ஊரில் மாடனுக்குப் படுக்கை போடுவார்கள்: சோறு, கறி, சாராயம், சுருட்டு, புகையிலை, ஒரு காலத்தில் கஞ்சாவும்கூட. மாடனுக்குப் போகும் இலை என்பதால் அந்த அடுக்குக்கு ஆயிரம் விதிகள். மாதவிலக்கான பெண் அறை வாசலை மிதிக்கக் கூடாது. சேரியிலிருந்து வந்த உழவுத் தோழன் நாற்று நட்டான், நீர் இறைத்தான், இலையும் அறுத்தான். அடுக்கிய பிறகு அவன் நிழலும் படக் கூடாது. அறுக்கும்வரை தூய்மையாக இருந்த கை, அடுக்கியதும் தீட்டாகிவிட்ட விந்தையை எந்தச் சாத்திரத்தில் கண்டார்களோ!

எனக்கு அப்போது இருபது வயது. படிப்பகமும் மேடைப் பேச்சும் தந்த சூடு, ஆச்சியின் அடுக்கை விட அதிகம். 1978-ஆம் ஆண்டுக் கொடைக்கு முந்திய நாள் அவளிடம் வாதுக்கு நின்றேன்.

"ஆச்சி, புகையிலை நம் மண்ணின் செடியே அல்ல. 1492-இல் கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளில்தான் ஐரோப்பியர் அதை முதலில் கண்டார்கள். பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில் இங்கே வந்தது. பீஜப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் அதை அக்பர் அவைக்குக் கொண்டுபோனபோது, 17-ஆம் நூற்றாண்டு அப்போதுதான் பிறந்திருந்தது. அக்பருக்கே அது புதுமை! ஆதியும் அந்தமும் இல்லாத உன் மாடன், கப்பல் வரும்வரை வாயில் எதைப் போட்டிருந்தான்?"

ஆச்சி சிரித்தாள். "வெறும் வெத்திலையும் பாக்கும்தான் மக்களே. பாவம், ருசி தெரியாத காலம்!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மாடனை மட்டும் சொல்வானேன்? 1750-இல் நாட்டையே பத்மநாபருக்கு எழுதி வைத்து, 'பத்மநாபதாசர்' எனப் பட்டம் சூடிய திருவிதாங்கூர் மன்னர்கள், புகையிலை வாணிகத்தைத் தம் முற்றுரிமையாக வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்து இலை கடல் கடந்து வந்தது. இடையிலே அரசு நின்று விற்றது. 1860-களில், திவான் மாதவராவ் காலத்தில்தான் அந்த முற்றுரிமை ஒழிந்து, சுங்கம் மட்டும் நின்றது. நாஞ்சில் நாட்டின் வயல்கள் அந்த அரசுக்கு நெல் தந்தன. வாய்கள் வருவாய் தந்தன!

1981-இல் ஆச்சியின் இடக் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டுக் கண்டது. "சுண்ணாம்பு சுட்டது" என்றாள். சில மாதத்தில் திட்டு புண்ணாயிற்று. கொடை வந்தது. கோமரத்தாடி அருள் வந்து ஆடினார். "அடுக்கிலே தீட்டுப் பட்டிருக்கு! மாடன் வாயிலே முத்திரை வச்சிருக்கான்!" என்று உறுமினார். கூடியிருந்தோர் கண்கள் யாரைத் தேடின? என் தாயை! மருமகளாக வந்த நாள் தொட்டு அந்த அறைப்பக்கமே போகாதவள், ஊர் நடுவே குற்றவாளியாக நின்றாள். பரிகாரமும் கிடைத்தது. 41 நாள் மாடனுக்குப் புகையிலை படைத்து, படைத்ததையே ஆச்சி மெல்ல வேண்டுமாம்! எதனால் வந்ததோ, அதுவே மருந்து!

பகுத்தறிவு பேசிய பேரன் எங்கே போனான் என்று கேட்பீர்கள். அங்கேதான் நின்றேன். கோமரத்தாடியின் கையைப் பிடிக்காத குறையாக வாதாடினேன். "மாடனும் இல்லை, தீட்டும் இல்லை, முத்திரையும் இல்லை!" என்று முழங்கினேன். அம்மாவுக்காக வாதாடினேன் என்பது உண்மை. ஆனால் ஒரு விளக்கை எடுத்து வந்து, "ஆச்சி, வாயைத் திற" என்று சொன்னேனா? இல்லை. நாகர்கோவிலுக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினேனா? இல்லை. மாடன் என் எதிரி. அவனை வீழ்த்தும் வேகத்தில் புண் என் கண்ணில் படவில்லை. அந்த ஆண்டு அடுக்குக்குக் கருப்பட்டி வாங்கி வந்து கொடுத்தவனும் நானே.

தாடை வீங்கிய பிறகே திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கொண்டு போனோம். 1981-இல் அமைந்த மையம்; எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம். "எத்தனை மாதமாக இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1983 தை மாதத்தில் ஆச்சி மறைந்தாள்.

அடுக்கின் சூட்டுக்கு உண்மைக் காரணத்தைப் பிற்பாடு படித்தறிந்தேன். இலையிலேயே உள்ள நொதிகளும், ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்களும், மாவுப் பொருளையும் புரதத்தையும் சிதைக்கும்போது பிறக்கும் வெப்பம் அது. மூக்கைத் துளைத்த நெடி, அம்மோனியா. பச்சைக் காரம் தணிந்து மணம் எழுவதும் அதே வேலைதான். ஆனால் அந்த நுண்ணுயிர்களுள் சில, இலையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு, நிக்கோடினோடும் அதன் இனப் பொருள்களோடும் கூடி, நைட்ரோசமைன் என்னும் நஞ்சாகிறது. மணம் தந்த அடுக்கே நஞ்சையும் தந்தது! இந்த இனத்தில் புகையிலைக்கே உரிய இரண்டை, மனிதனுக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985-இலேயே அப்படிச் சொல்லியிருந்தது. 2004-இல் வெறும் பாக்கும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆக, கப்பல் வருமுன்னும் மாடன் தப்பியிருக்க முடியாது! சுவீடன் நாட்டில் வாயில் அடக்கும் 'ஸ்னஸ்' என்னும் புகையிலையை நொதிக்கவிடாமல் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொல்கிறார்கள். நஞ்சு குறைகிறது, ஒழிவதில்லை.

அதே 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. எங்கள் ஊர்ப் படுக்கையிலிருந்து கஞ்சாப் பொட்டலம் ஓசையின்றி மறைந்தது. மாடன் சினந்தானா? எவர் கண்ணையும் குத்தவில்லை. காவல் நிலையத்தைக் கண்டதும் விட்டுக்கொடுத்த கடவுள், ஒரு கிழவியின் கன்னத்துப் புண்ணுக்காக விட்டுக்கொடுக்கவில்லை.

1996-இல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில், கண்ணால் பார்த்தார்கள். ஐயம் எழுந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில், வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் விளக்கு இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சி மறைந்தபோது அவள் போட்ட கடைசி அடுக்கு பாய்க்குள் அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் அண்டை வீட்டுப் பெரியவர் அம்மாவிடம் வந்தார். "ஆச்சி கைப்பதம்லா, ஒரு கட்டு தா மக்களே" என்றார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. அன்று அவளுக்கு விலக்கு நாள். ஊர் பார்த்திருக்க அந்த அறைக்குள் நுழைந்தாள். அம்மிக் கல்லை இறக்கினாள். இலையை அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டு போய், தென்னை மூட்டில் தானே குழி வெட்டிப் போட்டு மூடினாள். நான் போய் மண்வெட்டியைக் கேட்டேன். தரவில்லை.