வாசலில் இருந்தவர்

ஐம்பதைக் கடந்த பங்குக்குரு ஒருவர் அரைக்கால் சட்டையுடன் பெருநகர வீதியில் ஓடினார் என்றால் வாசக நேயர்கள் நகைப்பர். நாமும் அவ்வாறே நகைத்தோம். 2023-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகச் சில மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அப்பங்கின் இளைஞர் சிலர், வீடற்றோருக்கு நிதி திரட்டவென அரை மாரத்தான் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தனர். "ஃபாதர், நீங்களும் வாருங்களேன்" என்றனர். விளையாட்டாகத் தலையசைத்தோம், அகப்பட்டுக்கொண்டோம்.

முழு மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், விண்ட்சர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கம் வரை ஓடிய தூரமே பின்னர் நிலையான அளவாயிற்று. அதில் பாதி நம் பங்கு. ஓடுபவரை ஆதரித்துப் பங்கு மக்கள் படிவத்தில் பெயரும் தொகையும் எழுதித் தருவர். வரி செலுத்தும் ஒருவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அவர் கட்டிய வரியிலிருந்து 25 பென்சை அரசு அறநிலையத்துக்குச் சேர்த்துத் தருகிறது. நல்ல ஏற்பாடு!

நாம் பணம் திரட்டியது 'பேசேஜ்' என்னும் இல்லத்திற்கு. கடந்து செல்லும் வழி என்பது அச்சொல்லின் பொருள். செங்கல்லும் வெண்கல்லும் வரிவரியாய் அமைந்த வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் அருகே அது இருக்கிறது. கர்தினால் பேசில் ஹியூம் அவர்களும், புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியரும் 1980-இல் அதைத் தொடங்கினர். தெருவில் உறங்குவோருக்கு உணவும் குளியலும் மட்டுமன்றி, வேலைக்கும் வீட்டிற்கும் வழிகாட்டுதலும் அங்கே கிடைக்கின்றன.

மூன்று மாதங்கள் பயிற்சி. விடியற்காலையில் விக்டோரியா வீதி வழியாகப் புனித ஜேம்ஸ் பூங்காவரை ஓடித் திரும்புவோம். வழியில் கடையொன்றின் வாசற்படியில், அட்டைப்பெட்டிகளை விரித்து ஒரு முதியவர் படுத்திருப்பார். முதல் வாரம் அவரைப் பார்த்து இரங்கினோம். இரண்டாம் வாரம் பார்த்தோம். மூன்றாம் வாரம் பார்க்கவும் இல்லை. கைக்கடிகாரத்தையே பார்த்து ஓடினோம்.

ஒரு நாள் சரியாக அந்த வாசலெதிரே காலணிக் கயிறு அவிழ்ந்தது. குனிந்தோம்.

"தினமும் உங்களை யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

காரணத்தைச் சொன்னோம், சற்றுப் பெருமையாகவே. சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "எனக்காகவா ஓடுகிறீர்கள்? தினமும் என்னைத் தாண்டியல்லவா ஓடுகிறீர்கள்!" என்றார். அக்குரலில் கோபம் சிறிதும் இல்லை. அதனாலேயே அது நம்மைச் சுட்டது.

அப்படியிலேயே அமர்ந்தோம். சமையற்காரராக இருந்தவராம். வேலை போயிற்று, வாடகை நின்றது, வீடு போயிற்று. இரவில் உறங்க அஞ்சி, நடந்துகொண்டே இருப்பாராம்; குளிர் மிகுந்தால் இரவுப் பேருந்தில் ஏறி அமர்ந்திருப்பாராம். தம் பெயரைச் சொன்னார். நம் பெயரைக் கேட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் அங்கே ஐந்து நிமிடம் நின்றோம். பயிற்சிக் கணக்குக் கெட்டது, அதுபற்றிக் கவலைப்படவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு. முந்திய மாலையே ஞாயிறு திருப்பலி நிறைவேற்றிவிட்டு, ஹைட் பூங்காவில் பல்லாயிரவருடன் நின்றோம். 2008 முதல் நடந்துவரும் இவ்வோட்டம் நான்கு அரச பூங்காக்களைத் தொட்டுச் செல்வது. அரண்மனையைக் கடந்தபின் பாராளுமன்றத்தின் மணிக்கூண்டு தெரிந்தது. தெருவில் உறங்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 1824-இல் அங்கே பிறந்தது. அதை நீக்கிவிட அதே மன்றம் வாக்களித்தது 2022-இல்தான். டிரபால்கர் சதுக்கத்தில் புனித மார்ட்டின் ஆங்கிலிக்கன் ஆலயம். முதல் உலகப் போர்க்காலத்தில் அதன் பங்குக்குரு டிக் ஷெப்பர்ட், ஆலயத்தின் நிலவறையைப் போர்வீரருக்கும் வீடற்றோருக்கும் திறந்துவிட்டார். அவரை நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

பத்தாம் மைலில் கால்கள் மறுத்தன. நடக்கலானோம். அப்போது சாலையோரம் நின்ற முன்பின் அறியாத பெண்மணி ஒருவர், சட்டையில் எழுதியிருந்த நம் பெயரைப் படித்து உரக்க அழைத்தார். அடுத்து ஒரு சிறுவன். அடுத்து ஒரு முதியவர். பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு இத்துணை வலிமையா! கால்கள் மீண்டும் ஓடின. வாசற்படியில் கிடந்தவரை நினைத்தோம். எத்தனை ஆயிரம் பேர் கடந்திருப்பர்! அவர் பெயரைச் சொல்லி அழைத்தவர் எத்தனை பேர்?

2 மணி 52 நிமிடத்தில் முடித்தோம். இலை வடிவில் மரப்பதக்கம் அளித்தனர். திரண்ட தொகை 1,140 பவுண்டு. மறுநாள் காலையில் பதக்கத்தைக் காட்ட அவ்வாசலுக்குச் சென்றோம். அட்டைகள் இல்லை, அவரும் இல்லை. நாம் ஊர் திரும்பும்வரை வரவில்லை. வீடு கிடைத்ததோ, வேறு வாசல்தான் கிடைத்ததோ, அறியோம். திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம்.

பணம் தேவை; அதற்காக ஓடுவதும் நன்று. ஆயினும் நாம் ஓடிய தூரத்தைவிட, அந்த வாசலில் நின்ற ஐந்து நிமிடமே நமக்குக் கடினமாயிருந்தது. அன்பர்களே, நம் ஆலய வாசலில் ஆண்டுக்கணக்காய் அமர்ந்திருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்றுதான் நாமும் கேட்டறிந்தோம்.